லிப்ரெஆஃபிஸ் திட்டத்தில் புதியவர் பங்களிக்கத் தொடங்குவது எப்படி?

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் சேர விரும்பும் பலர், நிரலெழுதத் தெரிந்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்று எண்ணித் தயங்கிவிடுகிறார்கள். 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்து உருவான லிப்ரெஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பைப் பொறுத்தவரை, அத்தயக்கம் தேவையே இல்லை. புதியவர் தொடங்குவதற்கு மிகவும் பொருத்தமான இடம், மென்பொருள் பிழைகளை, அதாவது வழுக்களை, பதிந்து கண்காணிக்கும் பக்ஸில்லா என்ற கருவியில் இயங்கும் அதன் வழுப் பதிவேடுதான் என்பது என் உறுதியான கருத்து.

பயனர்கள் பதியும் வழுக்கள் முதலில் ‘உறுதிசெய்யப்படாதவை’ என்ற நிலையில் காத்திருக்கும். அவற்றில் உங்களுக்குப் பழக்கமான வசதி தொடர்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அண்மைப் பதிப்பை நிறுவி, அதில் சொல்லியுள்ள படிகளை அப்படியே செய்து பாருங்கள். வழு உங்கள் கணினியிலும் தோன்றினால், உதவிப் பட்டியலிலுள்ள ‘லிப்ரெஆஃபிஸ் பற்றி’ சாளரத்திலிருந்து பதிப்பு விவரத்தை நகலெடுத்து ஒட்டி, நிலையைப் ‘புதியது’ என மாற்றலாம். தோன்றாவிட்டால் அதையும் தெரிவித்து, மாதிரிக் கோப்பு ஒன்றைக் கேளுங்கள். தாம் பதிந்த வழுவைத் தாமே உறுதிசெய்வது முறையன்று.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே தனிப் பொறுப்பு உண்டு. “எழுத்து உடைகிறது” என்று மட்டும் பதிந்தால் யாராலும் எதுவும் செய்ய இயலாது. எந்த எழுத்துரு, எந்தச் சொல், திரையில் உடைகிறதா அல்லது பிடிஎஃப் ஆக மாற்றும்போது உடைகிறதா என்று எழுதினால், தமிழ் அறியாத நிரலாளரும் காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

நிரலெழுத விரும்புவோர், ‘ஈஸி ஹேக்’ என்ற குறிச்சொல்லுள்ள பணிகளில் தொடக்கநிலைக்குரிய ஒன்றை எடுக்கலாம். மூலநிரலை இயங்கும் மென்பொருளாக முதன்முறை தொகுக்கச் சாதாரண மடிக்கணினியில் பல மணிநேரம் ஆகும் என்பதால், இரவில் ஓடவிடுவது நல்லது. நீங்கள் செய்த மாற்றத்தை, மூத்த நிரலாளர்கள் மதிப்பாய்வு செய்யும் கெரிட் தளத்துக்கு அனுப்பும்போது, விளக்கக் குறிப்பின் முதல் வரியில் வழு எண்ணைச் சேர்க்க வேண்டும். உங்கள் பங்களிப்பை எம்பிஎல், எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமங்களின்கீழ் தருவதாக ஓர் அறிவிப்பும் அளிக்க வேண்டும்.

உண்மையான கற்றல் மதிப்பாய்வில்தான் நடக்கிறது. மாறியின் பெயரை மாற்றுமாறும் சோதனை நிரல் ஒன்றைச் சேர்க்குமாறும் மூத்தவர்கள் சொல்வது உங்களைக் குறைகூறுவதற்காக அன்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்நிரலைப் படிக்கப்போகிறவருக்காக. அவர்கள் கேட்ட திருத்தத்தைப் புதிய சமர்ப்பிப்பாக அனுப்பாமல், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் ‘அமெண்ட்’ வசதியால் பழையதையே திருத்தி, குறிப்பின் அடியிலுள்ள ‘சேஞ்ச்-ஐடி’ என்ற மாற்ற அடையாளத்தை அழிக்காமல் மீண்டும் அனுப்புங்கள். அப்போதுதான் முந்தைய உரையாடல் அறுபடாமல் தொடரும். சில நாட்கள் பதில் வராவிட்டால், பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.