ஒன்பது குழிகளுக்கு மூன்று மட்டைகள் போதும்: குறுந்திடலில் முதல் கோல்ஃப் ஆட்டம்

கோல்ஃப் ஆடியே இராத ஒருவரை நேராகப் பதினெட்டுக் குழிப் பெருந்திடலுக்கு அழைத்துச் செல்வது, நீச்சல் தெரியாதவரை ஆற்றின் நடுவில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். நான்கு மணி நேரத்திற்கும் மேல் நீளும் அந்த ஆட்டத்தில், பந்தைத் தேடுவதிலேயே அவருடைய பொழுது கழிந்துவிடும். எல்லாக் குழிகளும் (அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழி வரையுள்ள ஆடுபகுதியையும் ‘குழி’ என்றே சொல்வார்கள்) பார் மூன்றாக அமைந்த குறுந்திடல்தான் தொடக்கநிலையினருக்கு ஏற்ற இடம். பார் மூன்று என்றால், தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஓர் அடியில் கிரீனை, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டியிருக்கும் பரப்பை அடைந்து, அங்கிருந்து இரண்டு முறை உருட்டிப் பந்தைக் குழியில் விழச் செய்வார் என்ற கணக்கு.

இவ்விளக்கத்துக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பைன்ஹர்ஸ்ட் விடுதி வளாகத்தில் இருக்கும் ‘தி கிரேடில்’ திடலை எடுத்துக்கொள்கிறேன். கில் ஹான்ஸ் வடிவமைத்து 2017-இல் திறக்கப்பட்ட இத்திடலின் ஒன்பது குழிகளும் சேர்ந்து 789 கெஜம், அதாவது ஏறத்தாழ 720 மீட்டர்தான். இதே வளாகத்தில், டொனால்ட் ராஸ் வடிவமைத்து 2024-ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த இரண்டாம் எண் திடலில் ஒற்றைக் குழியே 500 கெஜத்தைத் தாண்டுவதைப் பார்த்தால், குறுந்திடல் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

புறப்படும் முன்

விதிப்படி பதினான்கு மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம். குறுந்திடலுக்கு மூன்று போதும் என்பது என் உறுதியான கருத்து: உலோகத் தலை கொண்ட ஒன்பதாம் எண் அயர்ன்; பந்தைக் குறுந்தொலைவுக்கு உயர்த்தி அடிக்கும் பிட்ச்சிங் வெட்ஜ் அல்லது சாண்ட் வெட்ஜ் இவற்றில் ஒன்று; கிரீனில் பந்தை உருட்டும் பட்டர். மட்டைகள் குறைந்தால் எதை எடுப்பது என்ற குழப்பம் குறையும். கையில் இருக்கும் மட்டையை முழுமையாகவும் பாதியாகவும் வீசிப் பழகும் கட்டாயமும் ஏற்படும். சொந்தமாக மட்டை இல்லாதவர்கள் விடுதியில் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஐந்தாறு பந்துகள், பந்தைத் தாங்கும் சில மரக் குச்சிகள், பந்து கிடக்கும் இடத்தைக் குறிக்க ஒரு நாணயம், கிரீனில் விழும் பள்ளத்தைச் சரிசெய்ய ஒரு சிறு கவைக்கருவி ஆகியவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்திற்கு அரை மணி நேரம் முன்னதாகவே சென்று, பயிற்சி இடத்தில் வெட்ஜால் இருபது பந்துகளை அடித்துப் பார்ப்பது மிகவும் பயன் தரும். கைகள் இடுப்பளவு உயரும் வீச்சில் ஐந்து, மார்பளவு உயரும் வீச்சில் ஐந்து, முழு வீச்சில் ஐந்து என அடித்து, ஒவ்வொன்றிலும் பந்து சராசரியாக எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; மீதி ஐந்தை, சரியாக வராத வீச்சுக்குச் செலவிடுங்கள். அடுத்தவருடைய அளவுகள் இங்கு உதவா. ஒரே வெட்ஜால் ஒருவர் 100 கெஜம் அடிப்பார், இன்னொருவர் 60 கெஜத்தோடு நிற்பார், இரண்டிலும் பிழையில்லை.

முதல் அடி

பந்தை வைத்து அடிக்கத் தொடங்கும் மேடைக்கும், பந்தைத் தாங்கும் குச்சிக்கும் ‘டீ’ என்பதுதான் பெயர். தேநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேடையில் இரண்டு அடையாளக் குமிழ்கள் இருக்கும். அவற்றின் முன்விளிம்புகளை இணைக்கும் கோட்டிலிருந்து பின்னோக்கி இரண்டு மட்டை நீளத்துக்குள் பந்தை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். பந்துதான் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டுமே தவிர, உங்கள் கால்கள் வெளியே இருப்பதில் தடையில்லை. வெட்ஜால் அடிக்கும்போது குச்சியைப் பெரும்பாலும் முழுவதுமாக மண்ணில் அழுத்தி, பந்து புல்லின் மீது மெல்ல உட்கார்ந்திருப்பது போல வையுங்கள்.

இனி இலக்கு. புதியவர்கள் எல்லோரும் கொடிக்கம்பைப் பார்த்தே அடிக்கிறார்கள். கொடி கிரீனின் ஓரத்தில், மணற்குழிக்கு இரண்டடி தள்ளி நட்டிருந்தாலும் அவர்கள் கண் அதை விட்டு விலகுவதில்லை. கொடியை மறந்துவிட்டுக் கிரீனின் நடுப்பகுதியைக் குறிவையுங்கள். அடி பத்தடி இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் பந்து பெரும்பாலும் புல்தரையிலேயே நிற்கும். தொலைவைக் காட்டும் பலகையில் 80 கெஜம் என்று இருந்தால், எதிர்க்காற்றுக்கும் மேட்டுக்கும் சற்றுக் கூட்டியும், பள்ளத்துக்குச் சற்றுக் குறைத்தும் கணக்கிட வேண்டும்.

அடிக்கும் முறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பந்தை மேலே தூக்கிவிட முயலாதீர்கள். வெட்ஜின் முகம் ஏற்கெனவே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், பந்தை உயர்த்தும் வேலையை அதுவே செய்துவிடும். நீங்கள் தூக்க முயன்றால் உடலின் பாரம் பின்காலுக்குப் போய், மட்டை முதலில் தரையில் இடிக்கும். இல்லையென்றால் அதன் அடிவிளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டிச் சீறிப் பாயும். பாரத்தை முன்காலில் சற்று அதிகமாக வைத்து, முதலில் பந்தும் பிறகு தரையும் படும்படி இறக்கி அடித்து, நெஞ்சு இலக்கை நோக்கித் திரும்பும் வரை வீச்சை முடியுங்கள். பந்து ஆட்களை நோக்கிப் போனால் கூச்சப்படாமல் “ஃபோர்!” என்று உரக்கக் கத்த வேண்டும். குறுந்திடலில் கிரீன்கள் நெருக்கமாக இருப்பதால் இந்த எச்சரிக்கை மிக அவசியம்.

கிரீனைத் தவறவிட்டால்

பெரும்பாலும் தவறவிடத்தான் செய்வீர்கள். ஆட்டத்தின் சுவையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பைன்ஹர்ஸ்ட் அமைந்துள்ள சாண்ட்ஹில்ஸ் வட்டாரம், பெயருக்கேற்ப மணற்பாங்கான நிலம். மணலில் நீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் தரை இறுகலாக இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். இத்தகைய தரையில் கிரீனுக்கு வெளியே பந்து கிடக்கும்போது அதை உயரத் தூக்கிப் போடுவதைவிட, தாழ்வாக அனுப்பி உருளவிடுவதே நல்லது. ஒன்பதாம் எண் அயர்னைப் பட்டரைப் போலப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் சிறு ஊசலாக அசைத்தால், பந்து ஒரு தாவு தாவி மீதித் தொலைவை உருண்டே கடக்கும். இடையில் புல் குட்டையாக இருந்தால் பட்டராலேயே உருட்டிவிடலாம். அழகாக இல்லாவிட்டாலும், புதியவருக்கு மிகக் குறைந்த சேதம் விளைவிக்கும் அடி அதுவே.

மணற்குழியில் விழுந்தால், அடிக்கும் முன் பந்துக்கு நேர் பின்னால் மட்டையை மணலில் ஊன்றக் கூடாது; அதற்குத் தண்டனை உண்டு. மட்டையின் முகத்தைச் சற்றுத் திறந்து, பந்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மணலை அடித்து, நிறுத்தாமல் வீச்சைத் தொடருங்கள். பந்தை நீங்கள் அடிப்பதில்லை. பந்துக்கடியிலுள்ள மணல்தான் அதை வெளியே எறிகிறது. பிறகு மணலைக் கொத்துவாரியால் சமன்படுத்திவிட்டுப் புறப்படுங்கள்.

காணாமற்போன பந்தைத் தேட 2019 முதல் விதிகள் மூன்று நிமிடமே தருகின்றன.

கிரீனில்

கிரீனுக்குள் நுழைந்ததும் முதலில் உங்கள் பந்து விழுந்த பள்ளத்தைத் தேடிச் சரிசெய்யுங்கள். கவைக்கருவியால் விளிம்புப் புல்லை நடுவை நோக்கித் தள்ளிப் பட்டரால் மெல்ல அழுத்த வேண்டும். அடியிலிருந்து நெம்பினால் வேர் அறுந்து புல் காய்ந்துவிடும். உங்கள் பந்து பிறர் வழியில் கிடந்தால், அதன் பின்னால் நாணயத்தை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிறருடைய பந்துக்கும் குழிக்கும் இடையிலுள்ள பாதையை மிதிக்காதீர்கள்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். இடம் தாராளமாக இருப்பதாகத் தோன்றினாலும், வேகமாக வரும் பந்து விளிம்பைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். ஆகவே நீண்ட உருட்டலில் திசையைவிட வேகத்தையே முதலில் கவனியுங்கள். கோலிக்குண்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. தரையின் சரிவைப் பார்த்து விரல் தானாக விசையைக் குறைக்குமே, அந்தப் பழக்கத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டால் போதும். பந்துக்கும் குழிக்கும் நடுவே பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் தெளிவாகத் தெரியும். கொடிக்கம்பைப் பிடுங்க வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. உருட்டிய பந்து குழியில் நிற்கும் கம்பில் பட்டால் 2019-க்குப் பிறகு தண்டனை கிடையாது.

எண்ணிக்கை

ஒன்பது குழிகளுக்கும் சேர்த்துப் பார் 27. முதல் ஆட்டத்தில் அதை நினைக்கவே வேண்டாம். குழிக்கு ஐந்து வீதம் 45-இல் முடித்தாலே நன்றாக ஆடியிருக்கிறீர்கள். ஒரு குழியில் ஆறு அடிகளைக் கடந்தால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்குச் செல்வது என்று உடன் ஆடுபவர்களோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் உச்ச வரம்பு வைத்து ஆடும் முறை விதிநூலிலேயே உள்ளது. குழியிலிருந்து தொலைவில் இருப்பவர் முதலில் அடிப்பது மரபென்றாலும், ஆயத்தமாக இருப்பவர் பிறருக்கு ஆபத்தில்லாமல் முதலில் அடித்துவிடலாம். எண்ணிக்கையை அடுத்த டீயில் எழுதிக்கொள்ளுங்கள். கிரீனிலேயே நின்று எழுதினால் பின்னால் வரும் குழு இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கும்.

ஒன்பதாவது குழி முடிந்து நேரமும் அனுமதியும் இருந்தால் மறுபடியும் முதல் டீக்குப் போங்கள். இம்முறை பட்டரோடு வெட்ஜை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.