ரோமில் வெளியே சாப்பிடுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ரோமில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது எல்லா நேரத்திலும் எல்லாத் தெருவிலும் கிடைக்காது. படம் போட்ட மெனுவைக் காட்டி வாசலில் நின்று கூப்பிடுகிற கடைகள் பெரும்பாலும் கொலோசியம், திரேவி நீரூற்று பக்கம்தான் இருக்கும். அவற்றைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தாலே சாப்பாடு மாறிவிடும். ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: காலையில் நின்றுகொண்டே காபி

இங்கே காபிக்கடைக்குப் பெயர் 'பார்'. கூட்டமான பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காபி போடுபவரிடம் நீட்ட வேண்டும். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பெரிய சதுக்கங்களில் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். 'கஃபே' என்று கேட்டால் எஸ்பிரெசோதான் வரும். பால் காபி வேண்டுமென்றால் கப்புச்சினோ கேளுங்கள். பழங்கால ரோமானியக் கோவிலான பாந்தியனுக்கு அருகே 1938 முதல் இருக்கும் சாந்த் எவுஸ்தாக்கியோ காபிக்கடை நல்ல தொடக்கம்.

இரண்டாம் படி: மதியம் எடை போட்ட பீட்சா

'பீட்சா அல் தாலியோ' கடைகளில் செவ்வகத் தட்டுகளில் பீட்சா அடுக்கியிருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் போகிறவர்கள் சிப்ரோ மெட்ரோ அருகிலுள்ள பீட்சாரியத்துக்குப் போகலாம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவெங்கும் இருக்கும் 'நசோனே' குழாய்களில் நல்ல குடிநீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாம் படி: இரவுக்கு ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுங்கள்

ராத்திரி சாப்பாடு ஏழரைக்கு மேல்தான் சூடுபிடிக்கும். அதற்கு முன்னால் முழு வீச்சில் நடக்கும் கடை என்றால் அது பயணிகளை நம்பியே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு முதலிடம் தெஸ்தாச்சோவுக்குத்தான். இங்கே 1975 வரை நகரத்தின் இறைச்சிக்கூடம் இயங்கியது. நல்ல கறியெல்லாம் வசதியானவர்கள் வீட்டுக்குப் போக, குடல், வால், ஈரல் எல்லாம் தொழிலாளிகள் பங்குக்கு வந்தன. அவற்றைக் கொண்டு இந்தப் பேட்டை உருவாக்கிய சமையல்தான் இன்று ரோமின் பெருமை. தக்காளியில் மெதுவாக வேகவைத்த மாட்டுவால் 'கோதா அல்லா வக்சினாரா'வை இங்கே சாப்பிடுவதே சரி. பகலில் வந்தால் தெஸ்தாச்சோ சந்தையிலேயே வயிறு நிறைந்துவிடும்.

இரண்டாவது இடம் யூதர் பேட்டை. 1555இல் போப் நான்காம் பவுல் ரோமின் யூதர்களை ஆற்றோரம் மதில் கட்டி அடைத்துவைத்த இடம் இது. அங்கே பிறந்ததுதான் 'கார்ச்சோஃபி அல்லா ஜூதியா': ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய்கறியை முழுதாக எண்ணெயில் பொரிப்பார்கள், வெளி இதழ்கள் அப்பளம்போல நொறுங்கும். குளிர்காலக் கடைசியும் வசந்தமும்தான் அதற்குச் சரியான பருவம். யூத மத விதிப்படி சமைக்கும் கோஷர் உணவகங்கள் வெள்ளி இரவிலும் சனி பகலிலும் மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.

நான்காம் படி: மெனுவில் நான்கு பாஸ்தா

காச்சோ எ பெப்பே, கிரீச்சா, அமாத்ரிச்சானா, கார்போனாரா. இந்த நான்கில் முதலாவது தவிர மற்ற மூன்றிலும் பன்றியின் கன்னக் கறி உண்டு. காச்சோ எ பெப்பேயில் பெக்கொரீனோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டும்தான். (மிளகைப் பார்த்ததும் எனக்குச் சேரநாட்டுத் துறைமுகமான முசிறி ஞாபகம் வரும். நம் கடற்கரையிலிருந்து யவனர் கப்பலில் போன மிளகைச் சேமிக்கவே ரோமில், பழைய நகரின் பொதுச் சதுக்கமான ஃபோரம் அருகே, பேரரசர் தொமீத்தியன் காலத்தில் கிடங்கு கட்டினார்கள்.)

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெக்கொரீனோ ரொமானோவில் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். பூசணிப்பூ பஜ்ஜிக்குள் சீஸோடு நெத்திலியும் இருக்கும். 'சுப்ளி' அரிசி உருண்டையில் பல கடைகள் கறி சேர்க்கின்றன. சீஸே வேண்டாம் என்பவர்கள் பீட்சா மரினாரா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய், அவ்வளவுதான். அப்புறம், 'சென்சா கார்னே, சென்சா பேஷே' என்று சொன்னால் கறியும் மீனும் இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள்.

ஐந்தாம் படி: பில்

கேட்காமல் பில் வராது. உங்களை விரட்டுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். 'இல் கோந்தோ, பெர் ஃபவோரே' என்றால் போதும். ரொட்டிக்குத் தனியாக ஒரு சிறு தொகை வரலாம். வேண்டாமென்றால் கூடை வந்தவுடனேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீன் விலை பல இடங்களில் நூறு கிராமுக்குப் போட்டிருக்கும், முழு மீனின் எடையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. ஆகஸ்ட் நடுவில் பயணம் என்றால், அக்கம்பக்கத்துக் குடும்பக் கடைகள் பல விடுமுறைக்கு மூடிவிடும் என்பதால் முன்கூட்டியே போன் செய்து மேசை பிடித்துவிடுங்கள்.