கலப்படப் பால்: புகாரை வீணாக்கும் தவறுகள்

குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் கலப்படம் என்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் பாலைக் கீழே ஊற்றிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுதான் முதல் தவறு. பாலோடு ஆதாரமும் போய்விடுகிறது. கவர், பில், பேட்ச் எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு, உணவு பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப் செய்யுங்கள்.

வீட்டுப் பாலைப் பாட்டிலில் எடுத்துப்போய்க் கொடுத்தால் வழக்கு போட்டுவிடுவார்கள் என்று நம்புவது அடுத்த தவறு. 2006ஆம் ஆண்டு உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி உணவு பாதுகாப்பு அலுவலரே மாதிரி எடுத்து, நான்கு பாகமாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். மாதிரிப் பால் கெடாமலிருக்க அதில் ஃபார்மலின் சேர்ப்பார்கள். இந்த நடைமுறையில் எங்கே பிசகினாலும் வழக்கு பலவீனமாகிவிடும். நாமே கட்டணம் கட்டிச் சோதிக்கவும் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ‘இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த நிபந்தனை பலருக்குத் தெரிவதில்லை. குறை உறுதியானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

வீட்டுச் சோதனையை அப்படியே நம்புவதும் ஆபத்து. தண்ணீர் கலந்த பாலில் சர்க்கரையையும் சேர்த்தால், பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் ஏமாந்துவிடும். மாவுப்பொருளைக் கண்டுபிடிக்க டிஞ்சர் அயோடின் நல்ல வழிதான். நீலமானால் மாவு இருக்கிறது. ஆனால் ஆற்காடு மக்கன் பேடா என்ற இனிப்பில் அயோடினை விட்டுப் பார்த்துவிட்டுக் கலப்படம் என்று கூவக் கூடாது. அதில் மைதா சேர்ப்பதே முறை, நல்ல பேடாவும் நீலமாகத்தான் செய்யும். சோதிக்க வேண்டியது தனியாக வாங்கிய கோவாவை, அதாவது பாலைச் சுண்டக் காய்ச்சி எடுப்பதை. அப்புறம், பால் தண்ணியாக இருப்பதெல்லாம் கலப்படமில்லை. சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3%, நிறை கொழுப்புப் பாலில் 6%. கவரைப் படித்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

ஆம்பூர்க்காரர்களும் ஆற்காட்டுக்காரர்களும் பழைய பழக்கத்தில் வேலூருக்கே மனு கொண்டுவந்தால் நாள்தான் வீணாகும். 2019இல் மாவட்டம் பிரிந்தது. கடை ஆம்பூரில் என்றால் திருப்பத்தூர், ஆற்காட்டில் என்றால் ராணிப்பேட்டை, குடியாத்தம், காட்பாடி என்றால்தான் வேலூர்.

பிடித்தவுடன் ஜெயில் என்று எதிர்பார்த்துச் சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. தண்ணீர் கலந்து தரம் குறைந்த பால் பெரும்பாலும் ‘தரமற்றது’ என்ற வகையில் வரும். அதை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிப்பார், அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகலாம். உடலுக்குக் கேடு செய்யும் ‘பாதுகாப்பற்ற’ பொருள் என்று அறிக்கை வந்தால்தான் நீதிமன்றமும் சிறையும். என்னைக் கேட்டால், தரமற்ற பாலுக்கான அபராதமும் சின்ன தண்டனையில்லை. அது தவறாமல் விதிக்கப்பட்டாலே பலர் கலக்கப் பயப்படுவார்கள்.

மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் புகார் எண்ணைச் சொல்லி, மாவட்ட உணவு பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பாளரான நியமன அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அறிக்கையை எதிர்த்து விற்றவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதால், அந்த நாட்களையும் சேர்த்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.