‘பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்’: கல்லூரியில் ஒதுங்கி நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

நான்கு மணி பெல் அடித்து முடிந்திருந்தது. வேலூரில் எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கதவோரம் ஒரு முதலாமாண்டு மாணவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் புத்தகப் பை, கையில் சாப்பாட்டுப் பை. உள்ளே வந்து உட்காரம்மா என்றேன். “இல்ல மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். சொன்னாளே தவிர, கிளம்பவில்லை. மேடையில் பேசிய பெண் ஒரு குறளைத் தப்பாகச் சொன்னபோது, கதவோரம் நின்றவளின் உதடு சரியான சொல்லை முணுமுணுத்தது.

மறுநாள் கூப்பிட்டு விசாரித்தேன். ஒடுகத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். காலை ஆறரைக்குக் கிளம்பினால்தான் முதல் பீரியடுக்கு வர முடியும். தமிழ் மன்றத்தில் ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் ஹாஸ்டல் பொண்ணுங்களுக்குத்தானே மேடம்” என்றாள்.

நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது இதுதான். மன்றம், முகாம், விழா எல்லாம் விடுதியில் இருப்பவர்களுக்கும் டவுன் பிள்ளைகளுக்கும் என்று யாரும் சொல்லாமலேயே நாமே முடிவு கட்டிக்கொள்வது. நானும் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். மூன்று வருடமும் அப்படியே ஒதுங்கி நின்றேன். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த அன்று, என் வகுப்பைத் தாண்டி எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் ஐந்து பேர்கூட இல்லை. முதல் வேலைக்கான நேர்காணலில், நாலு பேரோடு சேர்ந்து ஏதாவது செய்திருக்கிறாயா என்று கேட்டார்கள். சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலூருக்குக் கல்லூரி புதிதில்லை. ஊரிஸ் கல்லூரி 1898-ல் வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். இருந்தாலும், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் யார் என்று கேட்டால் இன்றும் என் வகுப்பில் நிறையக் கைகள் உயர்கின்றன. அணைக்கட்டு, பள்ளிகொண்டா, ஆம்பூர், ஆற்காடு, வாலாஜா என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். 2019-ல் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தாலும் பிள்ளைகள் ஏறும் பஸ் அதே பஸ்தான். கல்லூரியில் பாடம் போக வேறு என்னென்ன இருக்கிறது என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சம்.

சரி, பஸ் பிரச்சினைக்கு என்ன வழி? பெரும்பாலான மன்றங்கள் நான்கு மணிக்கு மேல் கூடுவதற்கு ஒரே காரணம், வேறு நேரம் வையுங்கள் என்று யாரும் கேட்காததுதான். பொறுப்பாசிரியரிடம் நேராகப் போய், எந்த நாள் கூடுவீர்கள், எத்தனை மணிக்கு முடியும், மதிய இடைவேளையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அதே பஸ்ஸில் வரும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். இப்போது எங்கள் தமிழ் மன்றம் புதன்கிழமை மதியம் கூடுகிறது. இருபது நிமிடம் சாப்பாடு, மிச்ச நேரம் மன்றம். ஒடுகத்தூர்ப் பெண்தான் சுவரிதழுக்குப் பொறுப்பு. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்த நாளில் அங்கேயே பாதியைத் திருத்திக்கொண்டு வந்துவிடுகிறாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் கிடையாது. அதனால் ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் போனால் போவது நேரம் மட்டும்தான், காசு இல்லை. அந்த நேரத்துக்குத்தான் வீட்டில் பயப்படுகிறார்கள். வாய்வார்த்தையாக “லேட் ஆகும்மா” என்று சொல்வதைவிட, நிகழ்ச்சி முடியும் நேரம் போட்ட சுற்றறிக்கையை போட்டோ எடுத்துக் காட்டுங்கள். ஆசிரியரின் நம்பரை அம்மாவிடம் கொடுங்கள். எத்தனையோ அம்மாக்களிடம் நான் போனில் பேசியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னபிறகு வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு.

விழாவைப் பார்த்து மிரளுவது

காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகத்தின் ரிவியரா, கிராவிட்டாஸ் மாதிரியான பெரிய விழாக்கள் நடக்கும்போது மற்றக் கல்லூரிப் பிள்ளைகளின் போனிலும் அதன் வீடியோதான் ஓடும். அந்த மேடையையும் விளக்கையும் பார்த்துவிட்டு, கேம்பஸ் வாழ்க்கை என்றால் அதுதான், நம்மிடம் அது இல்லை என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. விழா சில நாளில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் கல்லூரியில் நடப்பது சின்னச் சின்ன வேலைகள்: நூலகத்தில் புத்தகம் அடுக்க உதவுவது, துறை அசோசியேஷன் கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, விளையாட்டு விழாவில் நேரம் குறிப்பது. ஆட்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது இங்கேதான். பாடவும் ஆடவும் வராதவர்களுக்கு இங்கே எவ்வளவோ இடம் இருக்கிறது.

பெயர் மட்டும் கொடுத்துவிட்டுப் போவது

முதல் மாதத்தில் ஆர்வத்தில் ஐந்து இடத்தில் பெயர் கொடுப்பார்கள்: என்.எஸ்.எஸ்., இளைஞர் செஞ்சிலுவை, எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம், மன்றம், அசோசியேஷன். தீபாவளிக்குள் ஐந்தும் விட்டுப்போகும். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு முன்னால் அது என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம். இவ்வளவும் முடித்தால்தான் முழுச் சான்றிதழ். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாம் வருடக் கடைசியில் வந்து, “மேடம், எத்தனை மணி நேரம் வந்திருக்கு?” என்று கேட்பவர்களைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். நாளும் மணியும் போட்டு உங்கள் நோட்டில் நீங்களே எழுதி வாருங்கள், அப்போதைக்கப்போது கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி.யில் தவறு வேறு மாதிரி. அதற்கு ஆள் எடுப்பது முதலாமாண்டின் தொடக்கத்தில். ‘செமஸ்டர் முடியட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் வாய்ப்பு போய்விடும். ‘பி’ சான்றிதழ், அப்புறம் ‘சி’ சான்றிதழ் என்று போக மூன்று வருடமும் தேவைப்படும். ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு நேராகப் போகும் சிறப்பு நுழைவு வழி ராணுவத்தில் இருக்கிறது. போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் அதிகம். காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு மூன்றுக்கும் சிறப்பு மதிப்பெண் உண்டு. இது தெரியாமலே மூன்று வருடம் முடித்துவிட்டு வந்து வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதற்காக, சான்றிதழை மட்டுமே மனதில் வைத்து வருவதும் தவறுதான். அப்படி வருபவர்கள் முகாமில் இருந்தும் இல்லாதமாதிரி இருப்பார்கள். எங்கள் முகாம் ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பது பேர், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தங்கல். முந்தின இரவு மழை பெய்து விறகெல்லாம் நனைந்துவிட்டது. காலை உப்புமாவுக்கு அடுப்பே பற்றவில்லை; நாலைந்து பேர் மாற்றி மாற்றி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோனார்கள். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத ஒருவன் எழுந்து போனான். பள்ளிக்குப் பின்னாலிருந்த தென்னை மரத்தடியில், ஈரம் படாமல் உள்ளே கிடந்த பன்னாடையையும் காய்ந்த பாளையையும் பொறுக்கிக்கொண்டு வந்தான். பன்னாடையைப் பிரித்து அடியில் வைத்து, பாளையைக் கீறி மேலே சாய்த்து, சாம்பலைத் தள்ளிக் காற்றுக்கு வழிவிட்டான். இரண்டே நிமிடத்தில் அடுப்பு பிடித்துக்கொண்டது. நனைந்த விறகை அடுப்பைச் சுற்றி நிற்கவைத்துக் காயவும் வைத்துவிட்டான். அன்றிலிருந்து முகாம் முடியும்வரை எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள்: பந்தல் எங்கே கட்டலாம், முள்ளை எந்தப் பக்கம் வெட்டலாம், சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி போடலாம். வீட்டில் தினமும் செய்கிற வேலையை ஒரு திறமையாக அவன் அதுவரை நினைத்ததே இல்லை. தன்னிடம் எதுவும் இல்லை என்று நினைத்து ஒதுங்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும்.

அட்டெண்டன்ஸில் கோட்டை விடுவது

இதை நன்றாகப் படியுங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். 75 சதவீதம் வேண்டும் என்றால் குறைந்தது 68 நாள் வந்திருக்கவேண்டும். ஆகக் கையில் இருப்பது 22 நாள். முகாம், ஒத்திகை, வெளிக் கல்லூரிப் போட்டி என்று 12 நாள் போய், அதற்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாகப் போனதற்கான வருகை) போடாமல் விட்டால் மிச்சம் 10. ஒரு காய்ச்சல், ஊர்த் திருவிழா, சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வந்தால் அதுவும் தீர்ந்தது. அப்புறம் வருகை குறைந்ததற்குக் கட்டும் கான்டோனேஷன் கட்டணத்துக்கு அலையவேண்டும், ஹால் டிக்கெட்டுக்காக நிற்கவேண்டும்.

சார் வரச் சொன்னார், அவரே பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அவரும் மறப்பார், வகுப்பு ஆசிரியருக்கும் தெரியாது. நிகழ்ச்சிக்கு முன்பே ஓ.டி. படிவத்தில் பொறுப்பாசிரியர், துறைத் தலைவர் இருவரின் கையெழுத்தையும் வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த வாரமே வருகைப் பதிவில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். அந்த நாட்களில் இன்டர்னல் பரீட்சை வருகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தேதி இடித்தால் பரீட்சைதான் முதலில். எந்தப் பொறுப்பாசிரியரிடமும் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

பொறுப்பு வந்தபிறகு

செயலாளர், பொருளாளர் என்று பெயர் வந்ததும் சிலர் எல்லா வேலையையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். அதைவிடச் சிக்கல் பணம். துறை விழாவுக்குத் தலைக்கு நூறு ரூபாய் என்று வசூலித்து, அது ஒருவருடைய சொந்த ஜிபே கணக்கில் வீட்டுப் பணத்தோடு கலந்துபோகும். கடைசியில் முந்நூறு ரூபாய் கணக்கு உதைத்தாலும் நட்பு முறிந்துவிடும். பணம் வாங்க ஒருவர், எழுத இன்னொருவர், செலவுக்கு ரசீது, விழா முடிந்த ஒரு வாரத்தில் வகுப்புக் குரூப்பில் முழுக் கணக்கு என்று ஆரம்பத்திலேயே பேசிவையுங்கள்.

அனுமதியையும் முதலிலேயே வாங்கவேண்டும். ஒருமுறை எங்கள் மாணவர்கள் வேலூர்க் கோட்டைக்குள் விழிப்புணர்வு நாடகம் போடலாம் என்று பேனரோடு போய்விட்டு, அப்படியே திரும்பி வந்தார்கள். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். அங்கே நிகழ்ச்சி நடத்த முன்அனுமதி வேண்டும். வாசலில் நின்ற காவலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடிதம் எழுதித் தேதி வாங்காதது எங்கள் தவறு.

ரத்த தானத்துக்கு வரும் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் வங்காள எழுத்தில் பலகைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியம் தேடி அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். சொந்த பந்தம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ரத்தம் கொடுப்பது பெரிய காரியம். ஆனால் காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறி, நேராக முகாமில் வந்து படுக்காதீர்கள். வேலூர் வெயிலில் மயங்கி விழுந்தவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். 18 வயது நிரம்பியிருக்கவேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விடவேண்டும்.

இங்கிலீஷ் வராது என்பதால் ஒதுங்குபவர்கள் அடுத்த கூட்டத்தில் வரவேற்புரையைத் தமிழில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்தான். எழுதிவைத்துப் படித்தாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

சீனியர்கள் கட்டாயப்படுத்தினால் மட்டும் பொறுத்துப்போகாதீர்கள். விழா வேலை என்ற பெயரில் இரவில் எழுப்புவது, காசு பிடுங்குவது, மேடையேற்றிக் கேலி செய்வது எல்லாம் ராகிங். தமிழ்நாட்டில் 1997-லிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

கடைசி வருடத்துக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று பாக்கி. பிராஜெக்ட், வேலை, மேல்படிப்பு என்ற பரபரப்பில் எதையும் ஒப்படைக்காமல் போய்விடுவார்கள். அடுத்து வருபவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்கவேண்டியிருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மைக் செட் எங்கே எடுத்தோம், எவ்வளவு ஆனது, முகாம் ஊரில் யாரைப் பார்க்கவேண்டும், எந்தக் கடிதம் யாருக்கு எழுதினோம், எது சொதப்பியது என்று எழுதி, இரண்டாமாண்டில் ஒருவர் கையில் மாதிரித் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.