உக்ரைன் பேச்சுவார்த்தைச் செய்திகள்: எங்கே தப்பாகக் கணக்குப் போடுகிறோம்?

தலைவர்கள் கைகுலுக்கும் படம் வந்துவிட்டால் போர் முடியப்போகிறது என்று நினைத்துவிடுகிறோம். 2025 ஆகஸ்ட் 15 அன்று அலாஸ்காவில் டிரம்ப் புதினுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார். உலகமே பார்த்தது, போர்நிறுத்தம் மட்டும் வரவில்லை. அதே ஆண்டு மே 16 அன்று இஸ்தான்புல்லில் பெரிய தலைவர் யாரும் இல்லாமல் ரஷ்ய, உக்ரைன் குழுக்கள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே பேசின. தோல்வி என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டபடி பத்தே நாளுக்குள் இரு தரப்பும் தலா 1000 கைதிகளை விடுவித்தன. படத்தை விட்டுவிட்டு, என்ன கைமாறியது என்று பார்ப்பது நல்லது.

போர்நிறுத்தத்தையும் சமாதான உடன்படிக்கையையும் ஒன்றாகப் பேசுவது இன்னொரு குழப்பம். 2025 மார்ச்சில் சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் அமெரிக்காவுடன் பேசியபோது 30 நாள் போர்நிறுத்தத்துக்கு உக்ரைன் சம்மதித்தது. போரின் மூலகாரணங்களைத் தீர்க்காமல் நிறுத்த முடியாது என்றது ரஷ்யா. இது வெறும் பிடிவாதம் இல்லை. களத்தில் மெதுவாகவாவது முன்னேறும் தரப்புக்கு அந்த முன்னேற்றம்தான் பேரம் பேசும் பலம். அதை முதலிலேயே ஏன் விடப்போகிறது?

“கொஞ்சம் நிலத்தைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளலாமே” என்பது டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கும் யோசனை. எந்த நிலம் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். 2022 செப்டம்பர் 30 அன்று நான்கு மாகாணங்களைத் தன்னுடையவை என்று ரஷ்யா அறிவித்தது. அவற்றில் ஒன்றின் தலைநகரான கெர்சானை அதே ஆண்டு நவம்பரிலேயே உக்ரைன் மீட்டது. ஆனால் அந்த நகரமும் ரஷ்ய அரசியல் சட்டப்படி ரஷ்யாதான். உக்ரைன் பக்கத்திலும் சட்டம் குறுக்கே நிற்கிறது: எல்லையை மாற்ற நாடு தழுவிய வாக்கெடுப்பு வேண்டும், ராணுவச் சட்டம் அமலில் இருக்கும்வரை அதை நடத்த முடியாது. 2024 ஜூனில் புதின் வைத்த நிபந்தனையோ, தன் படை இன்னும் பிடிக்காத பகுதிகளிலிருந்தும் உக்ரைன் வெளியேற வேண்டும் என்பது.

சரி, இப்போது எல்லோருக்கும் பிடித்த கதைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் கீவுக்குப் போய்க் கெடுத்துவிட்டார் என்பார்கள். ஜான்சன் போனது ஏப்ரல் 9. அதற்குப் பிறகும் வரைவுகள் கைமாறின. ஏப்ரல் 15 தேதியிட்ட வரைவு பின்னர் வெளியே வந்தது. அதைப் பார்த்தால் கையெழுத்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று புரியும். உக்ரைன் ராணுவத்தில் 85,000 பேர் போதும் என்றது ரஷ்யா. 2,50,000 வேண்டும் என்றது உக்ரைன். டாங்கிகள் 342-ஆ, 800-ஆ என்பதிலும் இழுபறி. அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருந்தது. உக்ரைன் மீண்டும் தாக்கப்பட்டால் உத்தரவாதம் தரும் நாடுகள் உதவிக்கு வர வேண்டும் என்றது வரைவு. அந்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. எல்லோரும் சம்மதித்தால்தான் உதவி என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது ரஷ்யா. திருடன் கையெழுத்துப் போட்டால்தான் போலீஸ் வரலாம் என்பது போல! மேற்கு நாடுகளும் அப்படிப்பட்ட பொறுப்பை ஏற்கத் தயங்கின. இடையில், ரஷ்யப் படை விட்டுப்போன கீவ் புறநகரான புச்சாவில் பொதுமக்களின் சடலங்கள் கிடைத்தது உக்ரைன் மக்களின் மனநிலையை மாற்றியது. அதற்காக அந்தப் பேச்சே நாடகம் என்று சொல்வதும் தவறு. மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேராமல் நடுநிலை வகிக்க உக்ரைன் அப்போது தயாராகத்தான் இருந்தது.

ஆக, நிலத்தைவிட உத்தரவாதம்தான் கடினமான பகுதி என்பது என் எண்ணம். 1994-இல் புடாபெஸ்டில் உக்ரைன் அணு ஆயுதங்களைக் கைவிடச் சம்மதித்தபோது, அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யாவும் எழுதிக் கொடுத்தது. மீறினால் யார் என்ன செய்வார்கள் என்பது அதில் உருப்படியாக இல்லை. 2015 பிப்ரவரியில், கிழக்கு உக்ரைனில் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளுடன் நடந்த சண்டையை நிறுத்த இரண்டாம் மின்ஸ்க் ஒப்பந்தம் வந்தது. 15-ஆம் தேதி பிறந்ததும் துப்பாக்கிகள் ஓய வேண்டும். 18-ஆம் தேதி தெபால்த்செவே நகரம் உக்ரைன் கையை விட்டுப் போனது. கண்காணிக்க வந்தவர்கள் ஆயுதமில்லாத பார்வையாளர்கள். அப்புறம் முதலில் பிரிவினைவாதிகளின் பகுதியில் தேர்தலா, எல்லைக் கட்டுப்பாடு உக்ரைன் கைக்குத் திரும்புவதா என்ற வரிசைச் சண்டையிலேயே ஆண்டுகள் ஓடின.

பேசிக்கொண்டே குண்டு போடுகிறார்களே, இதெல்லாம் பொய்ப் பேச்சு என்று முடிவுகட்டவும் வேண்டாம். கொரியப் போரில் 1951 ஜூலையில் பேச்சு தொடங்கியது, 1953 ஜூலையில்தான் கையெழுத்து. நடுவில் இரண்டு ஆண்டுகள் ரத்தம் ஓடியது. பெரும் இழுபறி போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்புவதில்.

சின்ன ஒப்பந்தங்களை அலட்சியம் செய்வதும் நம் வழக்கம். 2022 ஜூலை 22 அன்று கையெழுத்தான கருங்கடல் தானிய ஒப்பந்தத்தில் ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் கையெழுத்திடவில்லை. ஐ.நா., துருக்கி ஆகியவற்றுடன் தனித்தனியாகப் போட்டுக்கொண்டன. ஓராண்டில் ஏறத்தாழ 3.3 கோடி டன் உணவுப்பொருள் வெளியே போனது. 2023 ஜூலையில் ரஷ்யா விலகிக்கொண்டது. அதன்பின் உக்ரைன் கருங்கடலின் மேற்குக் கரையை ஒட்டித் தன் பாதையைத் தானே திறந்துகொண்டு கப்பல்களை அனுப்பியது.