நண்பகலில் துள்ளிய கைகர் கருவி

வழக்கமாக நிமிடத்துக்கு 25 துடிப்புகள் காட்டும் என் கைகர் கருவி (கதிரியக்கத்தை எண்ணும் கருவி), காரைக்குடி வீட்டு வளவில் நண்பகலில் 300ஐத் தாண்டியது. முதலில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைச் சந்தேகித்தேன். பாவம், அது மணலும் சிமெண்டும்தான். இரவில் அதே கல்மீது கருவி அமைதியாக இருந்தது. பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. கருவிக்குள் கதிரை உணரும் குழாய்க்குப் போகும் 400 வோல்ட்டும் சரி. நான்கு நாள் வீண்.

ஐந்தாம் நாள் மேகம் மூடியதும் எண்ணிக்கை சட்டென இறங்கியது. காரணம், அந்த ஜே305 ரகக் கண்ணாடிக் குழாய்! உள்ளே விழும் வெயில் எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரானை உதிர்க்கிறது. குழாய் அதையும் கதிரியக்கமாக எண்ணிவிடுகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அப்போதும் 60. கம்பி நுழையும் முனையில் நூலளவு இடைவெளி! அதையும் அடைத்தேன். உச்சி வெயிலில் இப்போது 24. கதிரியக்க வகைகளில் பீட்டாக் கதிரை டேப் சற்றுக் குறைக்கும். காமாக் கதிருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.