சாரணர் துருப்பைப் பொறுப்பெடுக்கிறீர்களா? கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் சாரணர் துருப்பைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தால், தயங்காமல் எடுங்கள். ஆனால் வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி எல்லாவற்றையும் நீங்களே முன்னுக்கு நின்று செய்யப் போகாதீர்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பிள்ளைகளைச் சிறு அணிகளாகப் பிரித்து, அவர்களில் ஒருவரையே தலைவராக வைத்தார். இன்றைக்கும் துருப்பு ஓடுவது அந்த அணிமுறையில்தான்.

ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. முடிச்சு, கூடாரம் அடிப்பது, முதலுதவி எதுவானாலும் முதலில் அணித் தலைவர்களுக்கு மட்டும் தனியாகப் பழக்குங்கள், அப்புறம் அவர்கள் தங்கள் அணிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பிழையாகச் சொன்னாலும் அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்து, கூட்டம் முடிந்ததும் தனியே கூப்பிட்டுத் திருத்துங்கள், ஏனென்றால் எல்லோருக்கும் முன்னால் ஏச்சு வாங்கின பிள்ளை அடுத்த கிழமை தலைமை தாங்க முன்வராது. முகாமில் சோறு அடிப்பிடித்தால் பிடிக்கட்டும். அடுத்த வேளை அடுப்பை யார் பார்ப்பது என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள், முகாம் வைப்பதே அதற்குத்தானே.

பாதுகாப்பில் மட்டும் இந்தப் பின்னுக்கு நிற்கிற கதையே கூடாது. வாவியில் முதலை உண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் யானை வரும். தண்ணீரில் இறங்குவதா, எங்கே கூடாரம் அடிப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு. மாரிக்கு முகாம் வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளி என்ன செய்தது என்று ஊரிலுள்ள பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆவணியில் மழைப் பயம் குறைவு, ஆனால் கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற நாட்களில் நடைப்பயணத்தை வெயில் ஏறமுன் முடித்துவிடுங்கள்.

எந்தப் பிள்ளையோடும் நீங்கள் தனித்து இருக்கவே கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள் எப்போதும் வேண்டும், படுப்பதும் வேறு கூடாரத்தில்.

பெற்றோருக்கு டியூஷன்தான் பெரிய கவலை. கடிதம் கொடுத்துவிட்டால் போதும் என்று இருக்காமல் வீட்டுக்கே போய், எங்கே போகிறோம், யார் யார் கூட வருகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அம்மா அப்பாவிடம் நேரில் சொல்லுங்கள். பிள்ளைக்கு மூச்சு இழுப்பு இருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் அப்போதே எழுதி வாங்கி, முதலுதவிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.